கறுப்புத் தாடிப் பாசி: செடித் தொட்டியில் அதைப் பிடித்து நிறுத்தும் வழி

மீன் தொட்டிக்குள் நட்ட அனுபியாஸ் என்னும் நீர்ச்செடியின் இலை ஓரத்தில் முதலில் பேனா முனை பட்டதுபோல ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுவோம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அந்த ஓரம் முழுக்கப் புருவம் முளைத்த மாதிரி இருக்கும். விரலால் தேய்த்தால் வராது. நகத்தால் சுரண்டினால் இலைதான் கிழியும். ஒரு மாதத்தில் மரக்கட்டை, ஃபில்டர் குழாயின் வாய், ஹீட்டர் கண்ணாடி என்று எங்கும் கறுப்புத் தாடி ஆடிக்கொண்டிருக்கும். மீன் வளர்ப்பவர்கள் இதைப் பிளாக் பியர்ட் ஆல்கே என்பார்கள், சுருக்கமாக பிபிஏ. செடித் தொட்டி வைத்த பலர் மனம் வெறுத்துத் தொட்டியையே கலைப்பது இந்தப் பாசியால்தான்.

கலைக்க வேண்டியதில்லை. இரண்டு மாதப் பொறுமை இருந்தால் இதை அடக்கிவிடலாம். ஆனால் வேலையின் வரிசை முக்கியம். பெரும்பாலோர் மருந்தில் தொடங்குகிறார்கள். மருந்து பாசியைக் கொல்லும். அது வளர்வதற்கான காரணம் தொட்டியில் அப்படியே இருப்பதால் மூன்றாம் வாரம் அதே இடத்தில் திரும்ப முளைக்கும். முதலில் காரணத்தை நிறுத்த வேண்டும், பிறகு இருப்பதை அகற்ற வேண்டும். நான் கீழே சொல்லும் எல்லாமே இந்த வரிசைப்படிதான்.

கணக்கெல்லாம் ஒரே தொட்டிக்குச் சொல்கிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். மண், கல், கட்டை போக உள்ளே நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய 50 லிட்டர். உங்கள் தொட்டி பெரிதென்றால் அதற்கேற்பப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள்

பாசி எல்லாம் ஒன்றல்ல, வைத்தியமும் ஒன்றல்ல. புதுத் தொட்டியில் முதல் இரண்டு மாதத்துக்குள் இலைமேல் படியும் பழுப்புத் தூள் டயட்டம். விரலால் தடவினாலே போகும், தொட்டி பழகப் பழக அதுவாகவே மறையும். கண்ணாடியில் பச்சைப் பொட்டு வைத்ததுபோல ஒட்டிக்கொண்டு பிளேடால் மட்டுமே வருவது பச்சைப் புள்ளிப் பாசி. வெளிச்சம் அதிகமாகவும் பாஸ்பேட் குறைவாகவும் இருக்கும் தொட்டியில் அது வரும். நூல் நூலாக நீள்வதைப் பல் துலக்கும் பிரஷ்ஷில் சுற்றி எடுத்துவிடலாம். தண்ணீரே பச்சையாகிவிட்டால் மூன்று நாள் தொட்டியைப் போர்வையால் மூடி இருட்டாக வைப்பதும், பிறகு பாதித் தண்ணீர் மாற்றுவதும் பெரும்பாலும் போதும்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நீலப்பச்சை நிறத்தில் தோல் மாதிரி மண்மேல் விரிந்து, பிடித்து இழுத்தால் தாளாக உரிந்து வந்து, மூக்கைச் சுளிக்க வைக்கும் நாற்றமும் அடித்தால் அது பாசியே அல்ல. சயனோபாக்டீரியா என்கிற நுண்ணுயிர். அதற்கு எரித்ரோமைசின் மாத்திரையை நுணுக்கிப் போடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து போடாதீர்கள். வீட்டுத் தொட்டியிலிருந்து ஆன்டிபயாட்டிக் கலந்த தண்ணீர் சாக்கடைக்குப் போவது யாருக்கும் நல்லதல்ல. தாளை உறிஞ்சி எடுத்துவிட்டு, மூன்று நாள் இருட்டில் வைத்து, பிறகு தண்ணீர் ஓட்டத்தையும் நைட்ரேட்டையும் கொஞ்சம் கூட்டினாலே அடங்கிவிடும்.

தாடிப் பாசிதானா என்று உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு கொத்தைக் கத்தரித்து எடுத்து, சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் கிண்ணத்தில் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் பச்சையம் கரைந்து, கறுப்பாக இருந்தது செம்மண் நிறமாகவோ ஒயின் நிறமாகவோ மாறும். காரணம், இது சிவப்புப் பாசி வகையைச் சேர்ந்தது. கடலில் நிறைய, நன்னீரில் குறைவாக உள்ள குடும்பம். பச்சையத்தோடு சிவப்பு நிறமியும் சேர்ந்திருப்பதால்தான் நம் கண்ணுக்குக் கறுப்பாகவோ அடர்சாம்பலாகவோ தெரிகிறது. மான்கொம்பு மாதிரிக் கிளைவிடும் சாம்பல் நிறப் பாசியும் இதன் உறவுதான். இங்கே சொல்லும் வழி அதற்கும் பொருந்தும்.

ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பாருங்கள்

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். லைட் எத்தனை மணிக்கு எரிந்தது, எப்போது அணைந்தது, எத்தனை தடவை மீனுக்குத் தீனி போட்டீர்கள், எப்போது தண்ணீர் மாற்றினீர்கள், மதியம் தண்ணீரின் வெப்பம் எவ்வளவு, கரண்ட் எப்போது போனது. இவ்வளவையும் ஏழு நாள் எழுதினால் போதும். தாடிப் பாசி தடுமாறும் தொட்டியை விரும்பும். வெளிச்சம் ஒருநாள் ஆறு மணி நேரம், மறுநாள் பத்து மணி நேரம். கார்பன் டை ஆக்சைடு இன்றைக்கு நிறைய, நாளைக்கு இல்லை. தண்ணீர் மாற்றுவது ஒரு மாதம் தவறாமல், அடுத்த மாதம் மறதி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் செடி தன்னைச் சரிசெய்துகொள்ளப் பல நாள் எடுக்கும். பாசிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. செடி தயங்கி நிற்கிற அந்த இடைவெளியில் அது இலையில் வேர்பிடித்த மாதிரி ஒட்டிக்கொள்கிறது.

நோட்டில் எழுதியதைப் பார்த்தால் எங்கே தடுமாற்றம் என்று பெரும்பாலும் உங்களுக்கே தெரிந்துவிடும்.

வெளிச்சம்

செடித் தொட்டிக்கு நிறைய வெளிச்சம் வேண்டும் என்று கேட்டுப் புதியவர்கள் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் லைட் போடுகிறார்கள். இந்தப் பாசி அடங்கும்வரை ஆறு மணி நேரம் போதும். வேலைக்குப் போகிறவர்கள் மாலை நாலரையிலிருந்து பத்தரை என்று வைத்துக்கொண்டால் வீட்டில் இருக்கும் நேரத்தில் தொட்டியை ரசிக்கவும் முடியும். ஜன்னல் வழியாக நேர்வெயில் விழுந்தால் திரை போடுங்கள். எல்.இ.டி. பட்டையின் பிரகாசத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் அறுபது சதவீதத்துக்கு இறக்குங்கள். இல்லையென்றால் லைட்டை ஓர் அடி மேலே தூக்கிக் கட்டுங்கள்.

டைமர் கட்டாயம். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. சுற்றிவர ஊசிகளை அழுத்திவைக்கும் மெக்கானிக்கல் டைமர் கரண்ட் போகும்போது நின்றுவிடும். ஒரு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் அது ஒரு மணி நேரம் பின்தங்கும். பத்து நாளில் அங்கங்கே சேர்ந்து, மாலை எரிய வேண்டிய லைட் இரவு எட்டு மணிக்கு எரிந்து நள்ளிரவு தாண்டியும் நீளும். நாம் தூங்கிக்கொண்டிருப்போம். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

கரியமில வாயு: நிலையாகக் கொடுங்கள், இல்லையேல் கொடுக்காதீர்கள்

தாடிப் பாசி வரும் தொட்டிகளில் முதலில் நான் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்: செடி வளர்வதற்காகப் பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்து தொட்டிக்குள் வாயு விடுகிறீர்களா? பத்தில் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். செலவு குறைவு, செய்வதும் சுலபம். ஆனால் அது முதல் நாலைந்து நாள் பொங்கி வரும், பிறகு மெல்ல மெல்லத் தளரும், இரண்டாம் வாரம் ஏறக்குறைய நின்றுவிடும். வெயில் நாளில் வேகமாக, மழை நாளில் மந்தமாக. ராத்திரி முழுக்க வீணாக ஓடும். இப்படி ஏறி இறங்கும் வாயுவைப் போல இந்தப் பாசிக்குப் பிடித்த உரம் வேறில்லை.

ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வாயு வேண்டுமென்றால் சிலிண்டர், ரெகுலேட்டர், டைமரோடு சேர்ந்து வாயுவைத் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு என்று முழுமையாக வையுங்கள். லைட் எரிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வாயு தொடங்க வேண்டும். லைட் அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நின்றுவிடலாம். 50 லிட்டருக்கு நொடிக்கு ஒரு குமிழ் என்று ஆரம்பித்து, தண்ணீரிலுள்ள வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் என்ற சின்னக் குடுவையைப் பார்த்து மெல்ல மெல்லக் கூட்டுங்கள். அதற்குள் ஊற்றும் திரவம் 4 டி.கே.எச். (தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மையைச் சொல்லும் அளவு) உள்ளதாக இருக்க வேண்டும். தொட்டித் தண்ணீரை ஊற்றினால் கணக்குத் தவறும். நீலமாக இருந்தால் வாயு போதவில்லை, இளம்பச்சை என்றால் ஏறக்குறைய 30 பி.பி.எம். (லிட்டருக்கு 30 மில்லிகிராம்), அது சரி, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும் என்பதை மறக்கக் கூடாது. இப்போது திருகிவிட்டு இப்போதே பார்க்க முடியாது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே வாயுவை நிறுத்தி, காற்றுக் குமிழ் விடும் ஏர் ஸ்டோனை ஓடவிடுங்கள்.

செலவு கட்டுப்படியாகாது என்றால் வாயுவே இல்லாத தொட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், வாலிஸ்நேரியா எல்லாம் வாயு இல்லாமல் நன்றாகவே வளரும். மெதுவாக வளரும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட தொட்டிக்கு ஒரு குறிப்பு: போர் தண்ணீரை மோட்டாரிலிருந்து நேரே தொட்டிக்கு விடாதீர்கள். நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீரில் கரியமில வாயு கரைந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் மாற்றும்போது வாயு திடீரென ஏறி இறங்கும். முந்தைய இரவே டிரம்மில் பிடித்து ஏர் பம்ப் போட்டுவைத்து மறுநாள் ஊற்றினால் அந்த ஏற்ற இறக்கம் இருக்காது.

தண்ணீர் ஓட்டமும் அழுக்கும்

தாடிப் பாசியைக் கவனித்தால் இரண்டு இடத்தில் அடர்த்தியாக இருக்கும். ஒன்று ஃபில்டர் தண்ணீர் வேகமாக வந்து மோதும் இடம். இன்னொன்று வயதான, வளர்ச்சி நின்ற இலை. இரண்டிலுமே அதற்குத் தீனி கிடைக்கிறது. முதலாவது இடத்தில் அழுக்குக் கலந்த தண்ணீர் ஓயாமல் அதை உரசிக்கொண்டு போகிறது. இரண்டாவதில் இலையே உள்ளுக்குள் சிதைந்து சத்தைக் கசியவிடுகிறது. எனவே அழுக்கைக் குறைப்பது பாதி வைத்தியம்.

இதை ஒரே நாளில் செய்யலாம். முதலில் தாடி அதிகம் பிடித்த இலைகளைக் காம்போடு வெட்டி வெளியே போடுங்கள். நல்ல இலையாயிற்றே என்று இரக்கம் வேண்டாம், அது இனிப் பழையபடி ஆகாது. ஆனால் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் செடி சோர்ந்துவிடும். மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். பிறகு சைஃபன் குழாயால் செடிகளின் அடியிலும் கட்டைக்குப் பின்னாலும் சேர்ந்த சேற்றை உறிஞ்சுங்கள். அடுத்து ஃபில்டர். அதன் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதிலுள்ள குளோரின், மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியாவைக் கொன்று அம்மோனியாவை ஏற்றிவிடும். அம்மோனியா ஏறினால் பாசிக்குக் கொண்டாட்டம். ஃபில்டருக்குள் அந்தப் பாக்டீரியா குடியிருக்கும் செராமிக் வளையங்களை அன்றே தொடாதீர்கள், இரண்டு வாரம் போகட்டும். ஃபில்டரின் ஓட்டம் குறைந்திருந்தால் குழாயின் உட்புறத்தையும் நீளப் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். பலர் மறக்கும் இடம் அது.

தொட்டிக்கு வெளியே மூடிய பெட்டியாக நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள், நாலைந்து மணி நேரம் கரண்ட் இல்லாமல் போய்த் திரும்ப வந்தால், பெட்டிக்குள் நின்ற தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடவிடுங்கள். ஆக்சிஜன் இல்லாமல் கெட்டுப்போன தண்ணீர் அது. அப்படியே ஓடினால் அத்தனையும் தொட்டிக்குள் வந்து விழும்.

முதல் மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நாற்பது சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். அதன் பிறகு வாரம் ஒருமுறை போதும், ஆனால் ஒரே கிழமையில். மீன் தீனியையும் குறைக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளைக்கு ஒரு வேளை, வாரத்தில் ஒருநாள் பட்டினி. மீனுக்கு ஒன்றும் ஆகாது.

உரத்தை நிறுத்தாதீர்கள்

பாசி வந்தவுடன் உரத்தை நிறுத்துவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பாசிக்கு வேண்டிய அளவு எந்தத் தொட்டியிலும் கிடைத்துவிடும், ஏனென்றால் அதற்குத் தேவை மிகக் குறைவு. பட்டினி கிடப்பது செடிதான். செடி நின்றுவிட்டால் இலை மூப்படையும், மூத்த இலையில் பாசி ஏறும்.

அக்வாரியக் கடை பாட்டில்கள் நல்லவைதான், விலைதான் கூட. அதிலுள்ள முக்கியச் சத்துகள் உரக்கடையில் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும் உரங்களிலேயே இருக்கின்றன. பையில் 13-0-45 என்று போட்டிருப்பது பொட்டாசியம் நைட்ரேட். 0-52-34 என்றிருப்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். இந்த இரண்டு மட்டும் போதும். 19-19-19 வாங்கவே வாங்காதீர்கள். அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியாவாகவும் அம்மோனியாவாகவும் இருக்கும். வயலுக்கு நல்லது. தொட்டியில் மீன் சாகும்.

இரண்டு அரை லிட்டர் பாட்டில் எடுத்து ஆர்.ஓ. தண்ணீர் நிரப்பி, ஒன்றில் 20 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டும் மற்றதில் 2 கிராம் பாஸ்பேட்டும் கரையுங்கள். 50 லிட்டர் தொட்டிக்கு ஒவ்வொன்றிலிருந்தும் 5 மி.லி., திங்கள், புதன், வெள்ளி. ஒரு தடவைக்கு நைட்ரேட் இரண்டரை பி.பி.எம்., பாஸ்பேட் கால் பி.பி.எம். சற்று மேல் ஏறும். இரும்பும் மற்ற நுண்சத்தும் கலந்த பாட்டிலைச் செவ்வாய், வியாழனில் அதன் லேபிளில் உள்ள அளவில் விடுங்கள். பாஸ்பேட்டும் இரும்பும் ஒரே பாட்டிலில் சேர்ந்தால் வீழ்படிவாகி அடியில் தங்கிவிடும், செடிக்குக் கிடைக்காது. வாயு இல்லாத தொட்டியென்றால் இந்த அளவில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

இப்போதுதான் ஊசி

மேலே சொன்னதெல்லாம் இரண்டு வாரம் தடையில்லாமல் நடந்த பிறகு மருந்துக்கு வாருங்கள். நான் பயன்படுத்துவது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும், மிச்சம் எதுவும் தங்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை, நான் பட்டு அறிந்தது. இணையத்தில் காணும் அளவுகள் பெரும்பாலும் 3% திரவத்துக்குச் சொன்னவை. நம் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 6%, பாட்டிலில் 20 வால்யூம் என்றும் போட்டிருக்கும். முதல்முறை நான் லேபிளைப் படிக்காமல் அளவைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினேன். இரண்டு மடங்கு போய்விட்டது. மறுநாள் காலையில் மண்மேல் பதினோரு செர்ரி இறால்கள் வெளிறிக் கிடந்தன. அவற்றில் இரண்டு, வயிற்றில் முட்டை சுமந்தவை. அன்றிலிருந்து லேபிளை இரண்டு தடவை படிக்காமல் பாட்டிலைத் திறப்பதில்லை.

50 லிட்டருக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 3% திரவம் 12 மி.லி. அதாவது 6% பாட்டிலிலிருந்து 6 மி.லி. எடுத்து 6 மி.லி. ஆர்.ஓ. தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். கையுறை போடுங்கள், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசியைக் கழற்றிய 5 மி.லி. சிரிஞ்ச் போதும். ஃபில்டரை அணையுங்கள், தண்ணீர் அசையாமல் நிற்கட்டும். சிரிஞ்சின் முனையைத் தாடிக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோய் மெதுவாக, மிக மெதுவாக அழுத்துங்கள். வேகமாக அழுத்தினால் திரவம் பாசியைத் தாண்டிப் போய்விடும். சில விநாடிகளில் ஒவ்வொரு முடியின் நுனியிலும் மணல் பருமனில் குமிழ்கள் பூக்கும். கொஞ்ச நேரத்தில் தாடி முழுக்க வெள்ளிமணி கோத்த மாதிரி ஆகி, குமிழ்கள் ஒவ்வொன்றாக விடுபட்டு மேலே ஏறும். பத்து நிமிடம் காத்திருந்து ஃபில்டரைப் போடுங்கள்.

மறுநாள் பெரிய மாற்றம் தெரியாது. இரண்டாம், மூன்றாம் நாள் கறுப்பு மங்கி இளஞ்சிவப்போ ஒயின் நிறமோ ஏறும். அந்த நிறம் வந்துவிட்டால் அந்தக் கொத்து செத்துவிட்டது என்று பொருள். ஐந்தாறு நாளில் சாம்பல் வெள்ளையாகும். உயிரோடிருந்தபோது சீந்தாத இறால்கள் இப்போது அதன்மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிய்த்துத் தின்னும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஒருநாள் விட்டு ஒருநாள், ஒவ்வொரு பகுதியாகச் செய்யுங்கள். ஜாவா மாஸ், ரிச்சியா, மென்மையான தளிர்களின் மேல் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கருகிவிடும். கல்லிலும் கட்டையிலும் இருப்பதற்கு இன்னும் எளிய வழி உண்டு. தண்ணீர் மாற்றும் நாளில் மட்டத்தை இறக்கினால் அவை வெளியே தெரியும். அப்போது பிரஷ்ஷால் திரவத்தைத் தடவி ஐந்து நிமிடம் விட்டு, பிறகு தண்ணீரை நிரப்பிவிடலாம். கட்டையை வெளியே எடுக்க முடிந்தால் கொதிக்க வைப்பதே சிறந்தது. கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள், உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கலாம். மருந்து போட்ட நாளில் மீன் மூச்சு வாங்கினால் பாதித் தண்ணீரை மாற்றி ஏர் ஸ்டோன் போடுங்கள்.

குளூட்டரால்டிஹைடு கலந்த திரவங்களும் விற்கிறார்கள், திரவ கார்பன் என்ற பெயரில். தாடிப் பாசியை அவை நன்றாகவே கொல்லும். ஆனால் வாலிஸ்நேரியாவும் கூட உருகிப்போகும், ஆவி மூக்கையும் கண்ணையும் எரிக்கும். ஆஸ்பத்திரிக் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படும் பொருள் அது. தொடக்கத்திலேயே அதைக் கையில் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பாசி தின்னும் மீன்கள்

கடையில் பாசி தின்னும் மீன் என்று கேட்டால் பெரும்பாலும் சக்கர் மீனைத்தான் எடுத்துத் தருவார்கள். இரண்டு அங்குலத்தில் அழகாக இருக்கும். ஓர் அடிக்கும் மேல் வளரும், தாடிப் பாசியைத் தொடாது, செடியைப் பிடுங்கிப் போடும். வளர்த்துச் சமாளிக்க முடியாதவர்கள் ஏரியில் விட்டுவிட்டதால், தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் இன்று நம் ஏரி குளங்களில் பெருகி வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. மஞ்சள் நிறத்தில் விற்கும் சைனீஸ் ஆல்கே ஈட்டரும் வேண்டாம். பெரிதானதும் மற்ற மீன்களின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு தோலை உரசும்.

தாடிப் பாசியை உயிரோடு தின்னும் மீன் என்றால் சியாமீஸ் ஆல்கே ஈட்டர்தான். பார்த்து வாங்க வேண்டும், ஃபிளையிங் ஃபாக்ஸ் என்னும் வேறொரு மீன் ஏறக்குறைய அதே உருவத்தில் இருக்கும். சரியான மீனின் உடலில் ஓடும் கறுப்புக் கோடு வாலின் நுனிவரை நீளும், கோட்டுக்கு மேலே பொன்னிறப் பட்டை இருக்காது, துடுப்புகள் நிறமில்லாமல் கண்ணாடி போலிருக்கும். ஆனால் அரையடி வளரும் மீன், துள்ளிக் குதிக்கவும் செய்யும். மூன்றடிக்குக் குறைந்த தொட்டியில் விடாதீர்கள், மூடி போடுங்கள். வயதானால் தீனிக்குப் பழகிப் பாசியை மறந்துவிடும்.

சின்னத் தொட்டிக்கு இறால்தான் சரி. ஜப்பானியத் தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ 1980-களில் தன் தொட்டிகளில் பாசி தின்னப் பயன்படுத்தியதால் அவர் பெயரையே பெற்ற அமானோ இறால் நல்ல வேலைக்காரன். ஆனால் சூடு தாங்காது. சென்னை மாதிரி ஊரில் செர்ரி இறாலே தாக்குப்பிடிக்கும். இருபது போதும்.

வெயில் காலம்

சித்திரை, வைகாசியில் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும்போது அதில் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் கரைவது குறையும். செடிகள் சோரும், கழிவு வேகமாக அழுகும். அடங்கியிருந்த பாசி தலைதூக்குவது பெரும்பாலும் அப்போதுதான். தண்ணீரின் மேற்பரப்பில் காற்று படும்படி ஒரு சின்ன மின்விசிறியைச் சாய்த்து வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். காற்றில் ஈரம் அதிகமுள்ள கடலோர ஊர்களில் கொஞ்சம் குறைவாகவே இறங்கும். தண்ணீர் வற்றுவதும் கூடும். வற்றியதை ஈடுகட்டப் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். அதற்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். வாராந்தரத் தண்ணீர் மாற்றத்துக்கு நீங்கள் வழக்கமாக ஊற்றும் தண்ணீரே போதும். அந்த இரண்டு மாதமும் லைட்டை ஐந்து மணி நேரத்துக்குக் குறைத்தால் தப்பில்லை.

தேறுகிறதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

பழைய இலைகளைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். புதிதாக விடும் இலையைப் பாருங்கள். ஒரு அனுபியாஸ் தளிரைத் தேர்ந்து, அது விரிந்த தேதியை நோட்டில் எழுதிவையுங்கள். மூன்று வாரம் கழித்தும் அதன் ஓரம் சுத்தமாக இருந்தால் நீங்கள் செய்துகொண்டிருப்பது சரி. புள்ளி விழுந்திருந்தால் ஏதோ ஒன்று இன்னும் தடுமாறுகிறது. அப்போதும் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். ஒன்றை மட்டும் மாற்றி இன்னும் மூன்று வாரம் பொறுத்திருங்கள். லைட்டையும் உரத்தையும் வாயுவையும் ஒரே நாளில் திருகினால் எதனால் கெட்டது, எதனால் தேறியது என்று கடைசிவரை தெரியாது.

வேகமாக வளரும் செடிகளைத் தற்காலிகமாகவாவது நிறைய நடுங்கள். நம் ஊர்க் குளங்களிலேயே கிடைக்கும் வேலம்பாசி, கடையில் கிடைக்கும் ரோட்டலா, ஹைக்ரோஃபிலா எல்லாம் வாரத்துக்கு ஓரிரு அங்குலம் ஏறி, தண்ணீரிலுள்ள அம்மோனியாவை முந்திக்கொண்டு எடுத்துவிடும். குளத்திலிருந்து கொண்டுவந்த செடியை நேரே போட்டுவிடாதீர்கள். நத்தை முட்டையும் தட்டான்பூச்சிக் குஞ்சும் கூடவே வரும். ஒரு வாளியில் இரண்டு வாரம் தனியே வைத்துப் பாருங்கள்.

வாங்கிவரும் எந்தச் செடியையும் இப்படித்தான். தாடிப் பாசி பெரும்பாலும் வேறொருவர் தொட்டியிலிருந்து வந்த செடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியாகத்தான் நம் வீட்டுக்குள் நுழைகிறது. தண்டு தடித்த செடிகளை, ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மி.லி. அளவு 3% பெராக்சைடு கலந்து ஐந்து நிமிடம் முக்கி, நன்றாக அலசி, பிறகு வாளியில் வையுங்கள். ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் வளர்த்த திசு வளர்ப்புச் செடி கிடைத்தால் இந்த வேலையே மிச்சம்.

வெட்டி எடுத்த இலை, உறிஞ்சிய சேறு, வேண்டாத செடி எதையும் ஏரியிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து மாடித் தோட்டத் தொட்டியில் போட்டுவிடுங்கள். கறிவேப்பிலைக்கு அது நல்ல உரம்.